சின்னக் கடைக்கும் 1,700 ரிங்கிட்தான்

மலேசியாவின் குறைந்தபட்ச மாதச் சம்பளமான 1,700 ரிங்கிட்டைப் பற்றிப் பினாங்கு லிட்டில் இந்தியா பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது: "ஐந்து பேருக்குக் குறைவாக ஆள் வைத்திருக்கும் கடை 1,700 ரிங்கிட் தர வேண்டியதில்லை." தவறு. அந்தச் சலுகை 2025 ஜூலையோடு முடிந்துவிட்டது. பிப்ரவரி 1-ல் ஐந்து பேரும் அதற்கு மேலும் உள்ள இடங்களுக்கு வந்த சம்பளம், ஆகஸ்ட் 1 முதல் ஒரே ஓர் ஆள் வேலை செய்கிற பூக்கடைக்கும் பொருந்தும். வீட்டுப் பணியாளர்களைச் சேர்க்கவில்லை, அது எனக்கு வருத்தம்தான்.

அப்புறம், 1,400 சம்பளம், 300 அலவன்ஸ், கணக்கு சரி என்கிறார்களே, அதுவும் செல்லாது, 1,700 என்பது அடிப்படைச் சம்பளம். குறைத்துக் கொடுத்தால் ஓர் ஆளுக்கு 10,000 ரிங்கிட் வரை அபராதம். சம்பளச் சீட்டை எடுத்துக்கொண்டு தொழிலாளர் இலாகாவுக்குப் போங்கள், வெளிநாட்டுத் தொழிலாளர்களும் போகலாம்.