மீதி வராத எண்

கடைக்காரர்: 3816547290 என்ற எண்ணை எந்த நிறுவனமும் தராது, ஐயா. கைப்பேசி எண் என்றால் 6, 7, 8, 9 ஆகியவற்றுள் ஒன்றில்தான் தொடங்க வேண்டும். முதலில் இருக்கும் 3-ஐயும் பின்னால் இருக்கும் 9-ஐயும் இடம் மாற்றிக் கிடைக்குமா என்று பார்க்கட்டுமா?

ஆசிரியர்: நான் சிம் கேட்கவே இல்லை, தம்பி. "கூட்டு எண் 9, அதிர்ஷ்ட எண், 2,500 ரூபாய்" என்று கண்ணாடியில் ஒட்டியிருக்கிறீர்களே, அதைப் பார்த்துவிட்டு, உண்மையிலேயே அதிசயமான ஓர் எண்ணைச் சொன்னேன். 0 முதல் 9 வரை ஒவ்வோர் இலக்கமும் அதில் ஒரே ஒரு முறை வருகிறது. முதல் இரண்டு இலக்கங்களான 38 இரண்டால் வகுபடும், 381 மூன்றால், 3816 நான்கால், இப்படியே முழு எண்ணும் பத்தால் வகுபடும் வரை எங்குமே மீதி வராது.

கடைக்காரர்: மீதி விஷயத்தில் நம் கடைமேல் இதுவரை ஒரு புகாரும் வந்ததில்லை, ஐயா.

ஆசிரியர்: நான் சொல்வது வகுத்தலில் வரும் மீதி. பத்தால் வகுபட வேண்டுமென்பதால் கடைசியில் 0 நின்றாக வேண்டும். 0 அங்கே போய்விட்டதால் ஐந்தாம் இடத்துக்கு 5-ஐ விட்டால் வேறு ஆள் இல்லை. இரட்டைப்படை இடங்களில் எல்லாம் இரட்டை எண்களே உட்கார வேண்டும். இதற்கெல்லாம் ஒத்துவந்த எண்களும் ஏழாம் இலக்கத்துக்கு வந்து 7-ஆல் வகுக்கும்போது இடறி விழுகின்றன. பத்து இலக்கங்களையும் கலைத்துப்போட்டு அமைக்கக்கூடிய 32,65,920 எண்களில் இது ஒன்றுதான் தேறுகிறது. வகுப்பில் எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். ஒருவன்கூட விலை கேட்டதில்லை.

கடைக்காரர்: கூட்டினால் 45, நான்கும் ஐந்தும் 9. அதனால்தான் தேறியிருக்கிறது. இடம் மாற்றி 9816547230 என்று வைத்துக்கொண்டாலும் கூட்டு எண் அதேதான். எண் கணிதப்படி 9-க்கு உரிய கிரகமான செவ்வாயின் அருள் குறையாது.

ஆசிரியர்: செவ்வாய் குறையாது. ஆனால் 9816547-ஐ 7-ஆல் வகுத்தால் 6 மீதி வரும்.

கடைக்காரர்: அந்த 6-ஐ விலையில் கழித்துக்கொள்கிறேன், ஐயா.

ஆசிரியர்: பத்து இலக்கங்களும் ஒவ்வொரு முறை வந்தால், எப்படிக் கலைத்தாலும் கூட்டுத்தொகை 45 தானே? நீங்கள் சொன்ன 6, 7, 8, 9-இல் தொடங்குபவை மட்டுமே 14,51,520 இருக்கின்றன. தலைக்கு 2,500 வாங்கினால் 362 கோடி ரூபாய்க்கு மேல் சேரும். 2013-இல் ஏவிய மங்கள்யானுக்கு ஆன செலவே சுமார் 450 கோடிதான். இன்னும் கொஞ்சம் போட்டால், அருளுக்குக் காத்திராமல் நீங்களே செவ்வாய்க்கு ஆள் அனுப்பிக் கேட்டுவிடலாம்.

கடைக்காரர்: அவ்வளவு எண்கள் கைவசம் இல்லை, ஐயா. மூன்றுதான் இருக்கின்றன. முதல் இலக்கத்தை மட்டும் மாற்றிக்கொள்ளச் சம்மதித்தால்...

ஆசிரியர்: போகட்டும். 199 ரூபாய் ரீசார்ஜுக்கு 200 கொடுத்தேன். அந்த ஒரு ரூபாயைத் தாருங்கள். மிட்டாய் வேண்டாம், எனக்குச் சர்க்கரை இருக்கிறது.

கடைக்காரர்: மீதியே வராது என்று இவ்வளவு நேரம் நீங்கள்தானே சொன்னீர்கள், ஐயா?