மென்திறனுக்கு எதற்குத் தனி வகுப்பு?

பொறியியல் மாணவர்களுக்கு மென்திறன் (பிறரோடு பேசுவது, கேட்பது, சேர்ந்து வேலை செய்வது போன்ற திறன்கள்) பயிற்சி என்று கடைசி ஆண்டில் வெளியாள் ஒருவரை அழைத்து வருகிறார்கள். கை குலுக்குவது, தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வது, குழு விவாதத்தில் முந்திக்கொண்டு பேசுவது எல்லாம் இரண்டு நாளில் முடிந்துவிடும். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. இது நேர்காணலுக்கான ஒத்திகை. வேலை வாங்கித் தரலாம், அதற்குப் பிறகு கைகொடுக்காது.

அமெரிக்காவின் சேலஞ்சர் விண்ணோடம் ஏவப்படுவதற்கு முந்தைய இரவை, 1986 ஜனவரி 27ஐ, எடுத்துக்கொள்ளுங்கள். அதன் உந்து ராக்கெட்டுகளைத் தயாரித்த மார்ட்டன் தியோகால் நிறுவனத்தின் பொறியாளர்கள், ரோஜர் பாய்ஜோலி உட்பட, ஏவ வேண்டாம் என்று தொலைபேசிக் கூட்டத்தில் வாதாடினார்கள். கடுங்குளிரில் ரப்பர் ஓ-வளையங்கள் விறைத்துப்போய் இணைப்புகளைச் சரியாக அடைக்காது என்பது அவர்கள் பயம். கையில் தரவும் இருந்தது. ஆனால் அவசரமாகத் திரட்டிய தாள்களில் அந்த ஆபத்து பளிச்சென்று தெரியவில்லை. நாசா தரப்பு ஏற்கவில்லை. கடைசியில் நிறுவனத்தின் பொறியியல் துணைத்தலைவரிடமே, பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு மேலாளர் தொப்பியைப் போட்டுக்கொள்ளச் சொன்னார் அவருடைய மேலதிகாரி. மறுநாள், கிளம்பிய 73ஆவது விநாடியில் விண்ணோடம் சிதறியது. ஏழு பேரும் இறந்தார்கள்.

பொறியாளர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை என்று இதற்கு விளக்கம் சொல்பவர்கள் உண்டு. அது பாதிதான். அவர்கள் சொன்னார்கள், கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை. மேலே இருப்பவரிடம் "கூடாது" என்று காரணத்தோடு சொல்வதும், கீழே இருப்பவரின் பயத்தைக் காது கொடுத்துக் கேட்பதும் எந்த இரண்டு நாள் பயிற்சியில் வரும்?

இதெல்லாம் தொழில்நுட்ப வேலைக்குள்ளேயே பழக வேண்டியவை. ஆய்வகத்தில் ஒரு குழு எழுதிய செய்முறையை மட்டும் வைத்துக்கொண்டு இன்னொரு குழு அந்தச் சோதனையைச் செய்யட்டும். அவர்கள் தடுமாறும் இடத்தில் எழுத்து தெளிவாக இல்லை என்று எழுதியவர்களுக்கே புரிந்துவிடும். வடிவமைப்பை விவாதிக்கும்போது அதில் குறை கண்டுபிடிப்பதை ஒருவருக்குப் பொறுப்பாகவே கொடுக்கலாம். அப்புறம் புராஜெக்ட். ஒருவர் உழைக்க மற்றவர்கள் பெயர் போட்டுக்கொள்வது எல்லோருக்கும் தெரிந்த கதை. வாய்மொழித் தேர்வில் ஒவ்வொருவரும் சக மாணவர் செய்த பகுதியை விளக்க வேண்டும் என்று வைத்துப் பாருங்கள், தானாக ஒருவரோடு ஒருவர் பேச ஆரம்பிப்பார்கள். சரளமாகப் பேசுகிறவருக்கே மதிப்பெண் போவதும் இதில் குறையும். அதிகம் பேசாத மாணவர்களில் மிகக் கவனமாகக் கேட்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களைத் திறன் குறைந்தவர்கள் என்று முத்திரை குத்துவது அநியாயம்.

பாடத்திட்டத்தில் இடமில்லை என்பார்கள். டென்மார்க்கின் ஆல்போர்க் பல்கலைக்கழகம் 1974இல் தொடங்கியதிலிருந்தே குழுத் திட்டங்களை வைத்துத்தான் கற்பிக்கிறது. பல நாடுகள் ஒன்றின் பொறியியல் பட்டப்படிப்பை மற்றொன்று ஏற்பதற்கான வாஷிங்டன் ஒப்பந்தம் பட்டதாரிகளிடம் எதிர்பார்க்கும் பண்புகளிலும் வடிவமைப்பு இருக்கும் அதே பட்டியலில்தான் குழுப்பணியும் தகவல்தொடர்பும் இருக்கின்றன. இடம் இருக்கிறது. இல்லாதது ஆசிரியர்களின் நேரம். ஒரு குழு வேலை செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்துக் கருத்துச் சொல்ல நேரம் வேண்டும், அதற்கு அவர்களுக்குப் பயிற்சியும் வேண்டும். வெளிப் பயிற்சியாளருக்குச் செலவிடும் பணத்தை இதற்கு ஒதுக்குங்கள் என்றுதான் கல்லூரி நிர்வாகங்களிடம் கேட்கிறேன்.