செர்னோபில் வைரஸ் வந்தவரெல்லாம் முட்டாளா?

அந்தப் பதிவைப் பற்றித்தான். "விண்டோஸ் 98 காலத்து வைரஸெல்லாம் சும்மா விளையாட்டு, கண்டதையும் திறந்தவனுக்குத்தான் வந்தது" என்று ஒருவர் எழுதுகிறார், என் நட்பு வட்டமே கீழே போய்ச் சிரித்துவிட்டு வருகிறது. பறிகொடுத்தவர்கள் முட்டாள்கள் இல்லை. அதைச் சொல்லத்தான் இது.

சிஐஎச் எனும் செர்னோபில் வைரஸ், தைவான் கல்லூரி மாணவர் சென் இங்-ஹாவ் 1998-இல் எழுதியது. ஏறக்குறைய 1 கேபிதான். புரோகிராம் ஃபைல்களுக்குள் இருக்கும் காலி இடங்களில் துண்டு துண்டாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். ஃபைலின் அளவு கூடாது. பிறகு எதைப் பார்த்துச் சந்தேகப்படுவது? 1999 மார்ச்சில் ஐபிஎம் ஆப்டிவா கணினிகள் சில இந்த வைரஸோடேயே விற்பனைக்கு வந்தன. புதுப் பெட்டியைப் பிரித்தவரும் கண்டதைத் திறந்தவர்தானா?

1999 ஏப்ரல் 26, திங்கட்கிழமை. அதுவரை பதுங்கியிருந்த வைரஸ் அன்றைக்குத்தான் வேலையைக் காட்டியது. ஹார்ட் டிஸ்க்கின் முதல் 1 எம்பியில் பூஜ்யங்களை நிரப்பியது. பல மதர்போர்டுகளில், கணினியைத் தொடங்கிவைக்கும் பயாஸ் சிப்பில் இருந்ததையும் அழித்தது.

எங்கள் வீட்டுக் கணினியிலும் அதே கதி. அக்காவின் ஆய்வேடு அதில்தான் இருந்தது. சுவிட்சைப் போட்டால் ஃபேன் சுற்றுகிறது. திரை கறுப்பு. வழக்கமான 'பீப்' கூட இல்லை. ரீசெட் பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தாள். பார்க்க வந்தவர், சிப்பைப் போர்டிலேயே பற்றவைத்திருக்கிறது, போர்டையே மாற்றணும் என்றார். போகும்போது, "கவனமா இருந்திருக்கணும்மா."

பேக்கப் எடுத்திருக்கலாமே என்பீர்கள். சில அத்தியாயங்களை ஃப்ளாப்பியில் எடுத்துத்தான் வைத்திருந்தாள். எல்லாவற்றையும் எடுத்திருந்தால் மட்டும் போர்டு பிழைத்திருக்குமா? ஆன்டிவைரஸ் இருந்ததே என்பீர்கள். இருந்தது, சரி. இன்டர்நெட் இல்லாத வீட்டில் அதை யார் அப்டேட் செய்வது?

அதே பதிவில் வைரஸை எழுதிய சென்னுக்கு 'மேதை' பட்டம் வேறு. ஆன்டிவைரஸ் நிறுவனங்களின் பெருமைப் பேச்சுக்குச் சவாலாக எழுதினேன் என்றார் அவர். சவால் அவர்களுக்கு, அடி எங்களுக்கா? தைவானில் யாரும் புகார் கொடுக்கவில்லை என்று அப்போது வழக்குகூடப் போடவில்லை.

அக்கா எங்கே போய்ப் புகார் கொடுப்பாள்? தன் தப்பு என்றே நம்பிவிட்டாள். மீதி அத்தியாயங்களை ராத்திரி ராத்திரியாகத் திரும்ப அடித்தாள், ஒருவரையும் திட்டவில்லை. இன்றைக்கும் பேச்சு வந்தால் "நான்தான் பார்த்திருக்கணும்" என்கிறாள். அவளை அப்படி நம்பவைத்தது உங்களுடையதைப் போன்ற பேச்சுதான்.