விஸ்ட்மன்ஸ் உட்: உள்ளே போகாமல் பார்ப்பதே சரி

இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டுநிலத்தில் உள்ள பழைய ஓக் காடான விஸ்ட்மன்ஸ் உட் பற்றிய ஒரு பயணக் கட்டுரையில் "பாறைகள் மேல் ஏறி உள்ளே நடந்து படமெடுங்கள்" என்று எழுதியிருப்பதைத் திருத்த வேண்டும். காட்டுக்குள் நுழையாமல் ஓரமாகவே நடக்கும்படி காட்டைப் பராமரிப்பவர்களே பார்வையாளர்களைக் கேட்டுக்கொள்கிறார்கள். காரணம் எளிது. காடு மிகச் சிறியது, சில ஹெக்டேர்தான். பாறைகளைப் போர்த்திய பாசி ஷூ பட்டால் தோலாக உரிந்துவிடும். மீண்டும் படர ஆண்டுகள் பிடிக்கும். கிளைகளில் கையூன்றினால், அவற்றில் பாசிபோல் ஒட்டி வளரும் லைக்கனுக்கும் அதே கதி. ஆடுமாடு எட்டாத பாறை இடுக்குகளில்தான் ஓக் கன்று பிழைக்கிறது. நாம் கால் வைப்பதும் அங்கேதான்!

டூ பிரிட்ஜஸ் ஹோட்டலுக்கு எதிரே பழைய கல்குவாரியில் வண்டி நிறுத்தலாம். சிறிய இடம், வார இறுதியில் காலையிலேயே நிரம்பிவிடும். சாலையோரப் புல்லில் ஏற்றி நிறுத்தாதீர்கள். அங்கிருந்து வடக்கே, கிராக்கர்ன் பண்ணை வழியாகச் சுமார் 2 கிலோமீட்டர். மழைக்குப் பின் பாதை சேறாகும். கணுக்கால் மறைக்கும் பூட்ஸ் நல்லது. உண்ணி கடிக்காமலிருக்க முழுக்கால் சட்டை. மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை நாயைக் கயிற்றில்தான் பிடித்திருக்க வேண்டும்.

முறுக்கிய கிளைகளைப் படமெடுக்க வெளியோரமே போதும், ஜூம் லென்ஸ் இருந்தால் இன்னும் வசதி. மூடுபனி நாளில் பாதை தப்புவது சுலபம். செல்போன் சிக்னலை நம்பாமல் டார்ட்மூருக்கான ஓஎல்28 (ஆர்ட்னன்ஸ் சர்வே) காகித வரைபடம் கையோடு இருக்கட்டும். தெம்பிருந்தால் லாங்கஃபோர்ட் டார் என்ற பாறைக் குன்றின் உச்சி வரை ஏறுங்கள். பள்ளத்தாக்கு முழுதும் தெரியும்.