50 மி.மீ. லென்ஸும் 85 மி.மீ. லென்ஸும் ஒன்றல்ல

ஏபிஎஸ்-சி கேமராவில் (ஒளியைப் பதிவுசெய்யும் சென்சார் சிறியதாக உள்ள வகை) 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸைப் பொருத்தினால், பெரிய சென்சார் கொண்ட ஃபுல் ஃபிரேம் கேமராவில் 85 மி.மீ. எஃப்/1.8 தரும் அதே உருவப்படம் கிடைக்கும் என்று சொல்லப்படுவது பாதி மட்டுமே சரி. கேனானின் ஏபிஎஸ்-சி சென்சாரைவிட ஃபுல் ஃபிரேம் சென்சார் 1.6 மடங்கு அகலமானது என்ற கணக்கின்படி காட்சிக்கோணம் ஏறத்தாழ 80 மி.மீ. லென்ஸுக்குச் சமமாகிறது, ஒரே தூரத்தில் நின்று எடுத்தால் முகத்தின் தோற்றமும் மாறாது, ஏனெனில் மூக்கு பெரிதாகத் தெரிவதும் தெரியாததும் நாம் நிற்கும் தூரத்தைப் பொறுத்ததே. ஆனால் பின்னணி மங்குவது அப்படியே இருக்காது.

குவியத்தூரத்தை (லென்ஸின் பெயரில் உள்ள 50 அல்லது 85 மி.மீ.) எஃப் எண்ணால் (இங்கே 1.8) வகுத்தால் கிடைப்பது ஒளி நுழையும் துளையின் விட்டம்: 50 மி.மீ. லென்ஸில் அது சுமார் 28 மி.மீ., 85 மி.மீ. லென்ஸில் சுமார் 47 மி.மீ. ஒரே இடத்தில் நின்று, ஒரே அளவில் முகத்தைச் சட்டகத்தில் அமைக்கும்போது, தொலைவிலுள்ள பின்னணியின் மங்கலை இந்த விட்டமே தீர்மானிப்பதால், சிறிய சென்சாரில் கிடைக்கும் படம் ஃபுல் ஃபிரேமில் ஏறக்குறைய எஃப்/2.9 வைத்து எடுத்ததைப் போலிருக்கும். ஷட்டர் வேகத்தைக் கணக்கிடும்போது மட்டும் அது எஃப்/1.8 ஆகவே நீடிக்கிறது; இதைப் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள்.

விலை குறைந்த அந்த 50 மி.மீ. லென்ஸை வாங்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இரு கண்களும் கூர்மையாக விழ வேண்டுமென்றால் எஃப்/2.8 அளவில் கிடைக்கும், கூர்மையாகத் தெரியும் பகுதியின் ஆழமே பெரும்பாலும் நன்மை தரும். 85 மி.மீ. லென்ஸின் மங்கலை எதிர்பார்த்துப் பணம் கொடுப்பவர்களுக்குத்தான் இந்த வேறுபாட்டை முன்கூட்டியே சொல்ல வேண்டும்.