பத்து நிமிடம் எழுந்து போனால் சோம்பேறியா?

நம் அலுவலகக் குழுவில் சுற்றிய அந்த ஸ்கிரீன்ஷாட்டை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சாட் செயலியில் என் பெயருக்குப் பக்கத்தில், ஆள் கணினி முன் இருப்பதைக் காட்டும் பச்சைப் புள்ளி மஞ்சளாகிவிட்டதாம். அதை வட்டம் போட்டு, "சிலருக்கு தினமும் லீவுதான்" என்று கிண்டல் வேறு.

சரி, எழுந்து போனேன்தான். நாளைக்கும் போவேன். இடைவேளையும் வேலையில் சேர்ந்ததுதான்.

இது சோம்பேறிகள் கண்டுபிடித்த சாக்கு இல்லை. ரேடார் திரையைப் பார்ப்பவர்கள் ஏன் கோட்டை விடுகிறார்கள் என்று நார்மன் மேக்வொர்த் என்ற உளவியலாளர் ஆராய்ந்து 1948இல் எழுதினார். கடிகாரம் மாதிரி ஒரு முகப்பு, அதில் முள் எப்போதாவது ஒரு படி கூடுதலாகத் தாவும், அதைக் கவனித்துச் சொல்ல வேண்டும். இரண்டு மணி நேரம். முதல் அரை மணி தாண்டியதுமே தவறவிடுவது கூடிவிட்டது. நம் ஆட்களோ காலையிலிருந்து திரையை முறைத்துவிட்டு அதற்கு அர்ப்பணிப்பு என்று பெயர் வைக்கிறார்கள்.

போன வாரம் ஒரு கணக்குத் தாளில் கூட்டுத்தொகை இடித்துக்கொண்டே இருந்தது. எவ்வளவு நேரம் பார்த்தும் பிடிபடவில்லை. தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டு நிற்கும்போது பொறி தட்டியது: ஒரு வரிசை இரண்டு தடவை ஒட்டப்பட்டிருக்கிறது. அந்த நேரத்திலும் புள்ளி மஞ்சளாகத்தான் இருந்திருக்கும்.

படிக்கிற காலத்திலும் இதே கதைதான். எத்தனை மணி நேரம் உட்கார்ந்தேன் என்பதுதான் வீட்டில் கணக்கு. நான் ஒரே பக்கத்தை வெறித்துக்கொண்டு நல்ல பிள்ளை பட்டம் வாங்கினேன். என் அக்கா புத்தகத்தை மூடிவிட்டு நடந்துகொண்டே தனக்குத்தானே ஒப்பிப்பாள், அவளுக்குத் திட்டு. மதிப்பெண் யாருக்கு அதிகம் என்று கேட்காதீர்கள்.

"அறுவை சிகிச்சை நடுவே டாக்டர் பிரேக் எடுப்பாரா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஐயா, நான் எக்செல் பார்க்கிறேன்.

"இடைவேளையில் போனைத்தானே நோண்டுகிறீர்கள்?" சிலர் நோண்டுகிறார்கள், அது ஓய்வே இல்லை, ஒப்புக்கொள்கிறேன். நான் நடக்கிறேன்.

இன்னொருவர் 2022இல் வந்த ஆய்வுத் தொகுப்பை எடுத்துப் போட்டார்: பத்து நிமிடத்துக்குள்ளான இடைவேளை களைப்பைக் குறைக்கிறதாம், ஆனால் மூளையைக் கசக்கும் வேலையில் திறன் கூடியதாகத் தெரியவில்லையாம். மிச்சத்தையும் படித்திருக்கலாம். அப்படிப்பட்ட வேலைக்கு இன்னும் நீண்ட இடைவேளை தேவைப்படலாம் என்றுதான் அதில் இருக்கிறது! கேட்டால் தருவீர்களா?

உண்மையில் என்னை உறுத்துவது இடைவேளைகூட இல்லை. புகைபிடிக்கக் கீழே போகிற கூட்டத்தை இதுவரை யாரும் படம் பிடித்துப் போட்டதில்லை. போன மாதம் நள்ளிரவு தாண்டி வேலை பார்த்தேனே, அப்போது யாரும் வட்டம் போடவில்லை. இத்தனை வருடம் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கு என் வேலையைப் பற்றித் தெரிந்ததெல்லாம் ஒரு புள்ளியின் நிறம்தானா?

அப்புறம், இன்பாக்ஸில் வந்து "நீங்க சொல்றது சரிதான், எனக்கும் கழுத்து வலிக்குது" என்று சொன்ன இருவருக்கும் நன்றி. அதைக் குழுவிலேயே சொல்லியிருக்கலாம்.