ஃபிளாஸ்க்கில் டிஃபால்ட் மதிப்பு கொடுத்தால் மட்டும் பாதை விருப்பமாகிவிடாது

பைத்தானில் இணையதளம் எழுத உதவும் ஃபிளாஸ்க்கைப் பற்றிய ஒரு பதிலில், ஃபங்ஷனில் 'பக்கம் = 1' என்று டிஃபால்ட் (மதிப்பு வராவிட்டால் எடுத்துக்கொள்வது) கொடுத்தாலே போதும், யூஆர்எல்லில் பக்க எண் இல்லாவிட்டாலும் ஃபிளாஸ்க் பார்த்துக்கொள்ளும் என்று சொல்லப்பட்டிருக்கிறது. நண்பரே, ஃபிளாஸ்க் அப்படி வேலை செய்வதில்லை. அப்படியே லைவில் போட்டுவிட வேண்டாம் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் யூஆர்எல் எந்த ரூட்டோடு (ஃபங்ஷனுக்காகப் பதிவு செய்த பாதை) பொருந்துகிறது என்று பார்க்கப்படும். அப்புறம்தான் ஃபங்ஷன் அழைக்கப்படும். ரூட்டில் '/பதிவுகள்/<பக்கம்>' மட்டும் இருந்தால் (படிக்க எளிதாகத் தமிழில் எழுதியிருக்கிறேன்), '/பதிவுகள்/' என்று வருகிறவருக்குப் பொருந்தும் ரூட்டே கிடையாது. 404, அதாவது 'பக்கம் இல்லை' என்ற பிழை, போய்விடும். பைத்தான் டிஃபால்ட்டுக்கு அங்கே வேலையே வருவதில்லை.

அதே ஃபங்ஷனுக்கு மேல் '/பதிவுகள்/' என்று இரண்டாவது ரூட் டெக்கரேட்டர் (ஃபங்ஷனுக்கு மேல் '@' போட்டு எழுதும் வரி) ஒன்றைச் சேருங்கள். இப்போது அந்த 1 சரியாக வந்து சேரும். ரூட்டிலேயே 'டிஃபால்ட்ஸ்' கொடுக்கும் வழியும் உண்டு. ஆனால் அப்போது, ரூட்டில் பக்கத்தை முழு எண்ணாக ('int') வாங்கியிருந்தால், '/பதிவுகள்/1' என்று கேட்டால் ஃபிளாஸ்க் தானாகவே '/பதிவுகள்/'க்கு 308 ரீடைரக்ட் செய்யும், அதாவது அந்த முகவரிக்குத் திருப்பிவிடும். அதைப் பார்த்துப் பிழை என்று நினைத்துவிடாதீர்கள்.

சரிபார்க்க, ப்ராஜெக்ட் ஃபோல்டரில் 'ஃபிளாஸ்க் ரூட்ஸ்' கட்டளையை ஓட்டுங்கள். பதிவான பாதைகள் எல்லாம் வரிசையாக வரும். பக்க எண் இல்லாத பாதை அதில் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு இரண்டாவது டெக்கரேட்டரை எடுத்துவிட்டு ஒருமுறை, சேர்த்து ஒருமுறை 'கர்ல் -ஐ' (யூஆர்எல்லை அழைத்து, வரும் பதிலின் எண்ணையும் காட்டும் கட்டளை) மூலம் '/பதிவுகள்/' என்று அழைத்தால், முதலில் 404, அடுத்து 200 (சரி) என்று நேராகவே தெரியும்.